கேமரா திரும்பாத மூன்றரை நிமிடம்

ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொள்ளும் அந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் ரெண்டு இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். இந்தக் கதைக்கும் வேலை இருந்திருக்காது.

ரெண்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொலைக்காட்சி நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டாம் நம்பர் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் "ரெண்டு, கிட்ட போ. ரெண்டு, வலது பக்கம் திரும்பு" என்று ஹெட்போனில் சொல்லிச் சொல்லி அந்த எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் சொந்தப் பெயர் அச்சானது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. எழுபத்தைந்து வயதில், ஜன்னல் சரியாகச் சாத்தாத ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பதினோரு நாளாயிற்று, நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன, இனிமேல் நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். அழவில்லை. அழுகையெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். பிறகு வேறொன்று சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் எதையோ போனில் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நிலையத்துக்காரர்கள் பழைய நேரலைகளைத் தூசி தட்டி ஒவ்வொன்றாக இணையத்தில் போடுகிறார்களாம். அதில் புருஷன் ஒரு காலத்தில் வாசித்த குழுவின் பேண்ட் மாஸ்டர் நடத்திய அந்தக் கச்சேரியும் வந்திருக்கிறதாம்.

"அண்ணா, அவர் அதைப் பாக்கணும்னு கேக்கறார். என் போன்ல சத்தம் சரியா வரல. நீ அன்னைக்கு அங்கதானே இருந்தே? நீயே வந்து பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டேன்" என்றாள்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டார். நாற்பத்தாறு வருஷமாக எந்த ஒளிநாடா நிலையத்து நிலவறையில் மக்கிப் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாரோ, அது எழுந்து வந்து கதவைத் தட்டுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இலையை விட்டு எழுந்துதானே ஆக வேண்டும்?

சமையலறை மேஜையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம், ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பொரிகிறது. பதினான்கு பேர் கொண்ட ஜாஸ் குழு. முன்னால் பேண்ட் மாஸ்டர், டெனர் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைமுடி எண்ணெயில் பளபளக்க நிற்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரை விட நல்ல சாட்சி கிடையாது. வாசிப்பதை விடச் சிரிப்பதில் கெட்டிக்காரர். பின்னால் மேடை இருட்டாகிறது. கடைசி வரிசையில் மூன்றாவது நாற்காலியில், இன்னொரு டெனர் சாக்ஸபோனோடு ஒரு நிழல். அது மாப்பிள்ளை, தங்கையின் புருஷன்.

அவரை வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்ததே ரெண்டுதான். ஒத்திகைகளில் எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அந்த ஆள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, இப்படி வாசிக்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டித் தங்கையைக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கணக்கு மட்டும் தப்பவில்லை. கல்யாணமாகி மூன்றாவது மாதம் இந்த நேரலை.

படத்தில் எட்டாவது நிமிடம். மாஸ்டரின் தனி வாசிப்பு தொடங்குகிறது. நான்கைந்து சுரம் வாசித்ததும் 'கிறீச்' என்று ஒரு சத்தம். ரீட் கீறிவிட்டது. சாக்ஸபோனின் வாயில் கட்டியிருக்கும் மெல்லிய நாணல் பட்டை அது. கீறினால் காற்று போகும், இசை வராது. வேறு யாராக இருந்தாலும் கருவியை இறக்கியிருப்பார்கள். மாஸ்டரா இறக்குவார்? வாயிலிருந்து எடுக்காமல், விரல்களை ஓட்டிக்கொண்டே, கண்ணை மட்டும் ஒரு தரம் பின்னால் திருப்பினார். அந்தப் பாதி வரி தரையில் விழுவதற்குள் பின்வரிசை இருட்டில் ஒருவர் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருவதுதான் அந்த மூன்றரை நிமிடம்.

ரெண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் சத்தத்துக்கு முன்னால் மூச்சு வருகிறது. ஆள் இழுத்துவிடும் காற்று கேட்கிறது, அதற்குள்ளிருந்து கீழ்ச்சுரம் ஒன்று மெல்ல எழுகிறது. அவசரமே இல்லை. நேரலை, தவறினால் நாடே பார்க்கும், முன்னால் மாஸ்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இவர் பாட்டுக்கு ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு யோசிக்கிறார். அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளும் சரசரப்பு கூடக் கேட்கிறது. பிறகு ஏறத் தொடங்குகிறார். படி படியாக, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று. உச்சிக்கு வந்ததும் மற்றவர்கள் எல்லோரும் வீறிடும் இடத்தில், அடப்பாவி, இந்த மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரே ஒரு நீண்ட சுரம். கூட்டத்தில் சொல்ல முடியாததைக் காதோடு சொல்வது போல. 

கண்ணைத் திறந்தால் திரையில் மாஸ்டர். கன்னத்தை உப்பிக்கொண்டு ஆடுகிறார். இசை ஒற்றைச் சுரத்தில் நிற்கும்போது அவர் விரல்கள் தட்டச்சு அடிக்கிற மாதிரி ஓடுகின்றன. கண்ணிருப்பவனுக்கு அது ஒன்று போதும். ஆனால் விரலை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கீழே இரண்டு லட்சம் பேர் பார்த்ததாக எண் போட்டிருந்தது. 'கடவுளின் மூச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இந்த மூன்றரை நிமிடத்துக்காக மாஸ்டருக்குச் சிலை வைக்கலாம்' என்று இன்னொருவர். சிலை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, பாவம், எழுதியவருக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்தது இதுதான். நேரலையில் ஹெட்போன் இரண்டு காதையும் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் மேடையிலிருந்து வரும் இசை கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். இசை நிகழ்ச்சி என்றால் ரெண்டு ஒரு காதைத் தள்ளிவிட்டுக்கொள்வார். அதற்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருந்தும் பின்வரிசையிலிருந்து அந்த முதல் நாலு சுரம் வந்ததும் தன்னை மறந்து இரண்டு காதையும் தள்ளிவிட்டார். ஹெட்போன் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. அதற்குள் டைரக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ரெண்டு, பின்வரிசை, எழுந்து நிற்கிறான், திருப்பு, திருப்பு என்று. முதல் கேமரா அசையாமல் தூரத்தில் நிற்பது, அதில் பின்வரிசை வெறும் இருட்டு. மூன்றாவது கேமராவை அடுத்த நிகழ்ச்சிக்காகப் பக்கத்து அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை உலகத்துக்குக் காட்டக்கூடியது ரெண்டின் கேமரா ஒன்றுதான். அது மாஸ்டரைப் பார்த்தபடியே மூன்றரை நிமிடம் நின்றது. அதன் பின்னால் நின்றவர், அந்த அரங்கத்திலேயே அந்த வாசிப்பை அவரளவுக்கு ரசித்தவர் வேறு யாருமில்லை, கண் கலங்கிப்போய் எதையும் பார்க்காமல் நின்றார்.

ரசித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. மனுஷன் என்றால் தப்பு நடக்கும். மறுநாள் காலை விசாரணை வைத்தார்கள். பின்னால் ஒருவன் எழுந்து வாசித்தான், சொல்லியும் கேமரா திரும்பவில்லை என்று டைரக்டர் எழுதியிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன் என்று சொன்னால் வேலை போகும். மனைவி அப்போது ஆறு மாதம். ரெண்டு ஒரு தாளை வாங்கி, தனி வாசிப்பை வாசித்தது மாஸ்டர்தான், அதனால்தான் கேமராவை அவர் மேலேயே வைத்திருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டருக்குத் தேன் குடித்த மாதிரி. ஆமாம், நான்தான் வாசித்தேன் என்று அவரும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். டைரக்டர் வாயை மூடிக்கொண்டார். குழுவில் மற்றவர்கள் மாஸ்டர் கையால் சம்பளம் வாங்குகிறவர்கள், அவருக்கு எதிராக யாரும் சாட்சி சொல்ல வரவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கேமரா அறை வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாதவர், அதிலும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"மச்சான், மாஸ்டர் தான் வாசிச்சதா சொல்றார். நீங்க பாத்தீங்கல்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் மாஸ்டரைத்தான் பாத்துட்டிருந்தேன் மாப்ள. பின்னாடி யாரு வாசிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரெண்டு. வார்த்தைக்கு வார்த்தை எடுத்துப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை. அதுதான் அந்தப் பேச்சின் அயோக்கியத்தனம்.

மறுபடியும் கேட்கப் போன மாப்பிள்ளைக்கு மாஸ்டர் அந்தத் தாளைக் காட்டினார். உன் மச்சானே எழுதியிருக்கார் பார் என்று. பொய்க்காரன் என்று பெயராகி, குழுவிலிருந்து நிறுத்தினார்கள். எந்தக் குழுவும் சேர்க்கவில்லை. மாஸ்டர் அந்த மூன்றரை நிமிடத்தை வைத்துக் கொண்டு ஊர் ஊராகப் போனார், இசைத்தட்டு போட்டார், கடைசியில் சிலையாகவும் நின்றார். மாப்பிள்ளை ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றார். சாக்ஸபோன் பீரோ மேல் ஏறியது. அதை அங்கே ஏற்றியவள் தங்கை. விருந்தாளி யாராவது வந்து பேச்சு இசைப் பக்கம் திரும்பினால் மாப்பிள்ளை மெல்ல அந்த நேரலையை எடுப்பார். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பாள் தங்கை. கையில் தட்டோடு நிற்கும் விருந்தாளி சிரிப்பை அடக்குவார். சொந்த மச்சானே இல்லையென்று எழுதிக்கொடுத்த விஷயம் அல்லவா. அங்கேயே ஒரு நாற்காலியில் ரெண்டு உட்கார்ந்திருப்பார், தரையைப் பார்த்தபடி. எந்த வருஷம் என்று தெரியவில்லை, மாப்பிள்ளை அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பாடா என்று இருந்தது ரெண்டுக்கு. இப்படி ஒரு ஜென்மம்.

இப்போது மேஜை முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தடவித் தடவி அந்தப் படத்துக்குக் கீழே எழுதினார்: 'இதை வாசித்தது மாஸ்டர் இல்லை. பின்வரிசையில் மூன்றாவது நாற்காலிக்காரர். நான்தான் அன்றைக்கு இரண்டாவது கேமரா.' சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. 'தாத்தா, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?' அதற்கு நூற்றுப்பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தால் சூரியனுக்கு என்ன வந்தது? ஆனாலும் ஊர் நம்ப வேண்டாம், அந்த ஒரு மனுஷனிடம் அவர் சாவதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முதலில் ஹெட்போன், அப்புறம் தாள், அப்புறம் கேமரா அறை வாசலில் சொன்னது. காலில் விழவேண்டியிருந்தாலும் விழுந்துவிடுவது. வயதில் இளையவர் காலில் விழலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. மாப்பிள்ளை படுக்கையில் பாதி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அவ்வளவு பெரிய மூச்சுக்காரர், இப்போது ஒரு வாக்கியத்துக்கு மூன்று தரம் நிற்க வேண்டியிருந்தது. மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியையே ரெண்டால் தாங்க முடியவில்லை. தங்கை நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டாள்.

சாப்பாட்டுப் பலகையில் போனைச் சாய்த்து வைத்துப் போட்டார். மாப்பிள்ளை கண்கொட்டாமல் பார்த்தார். ரீட் கீறிய இடத்தில் புருவம் சுருங்கியது. பிறகு அந்த முதல் மூச்சு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட சுரம் முடியும் வரைக்கும் திறக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னார்:

"யப்பா. மாஸ்டர் மாஸ்டர்தான்."

ரெண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசையெல்லாம் மறந்துவிட்டது. "மாப்ள, அது மாஸ்டர் இல்ல. நீங்க. நீங்கதான் வாசிச்சீங்க. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றார். ஹெட்போனைச் சொன்னார், எச்சரிக்கைக் கடிதத்தைச் சொன்னார், தாளில் எழுதிக்கொடுத்தது அத்தனையும் பொய் என்றார். தான் ஒரு கோழை, தன்னால்தான் எல்லாம் போயிற்று என்றார். எழுபத்தைந்து வயது ஆள், மூக்கு ஒழுக அழுதார்.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

"விடுங்க மச்சான். சாகப்போறவன் மனசு குளிரட்டும்னு சொல்றீங்க."

"சத்தியமாச் சொல்றேன் மாப்ள."

"எனக்கும் ரொம்ப நாள் அப்படி ஒரு நெனப்பு இருந்துச்சு. நான்தான் வாசிச்சேன்னு. இவளைக் கேளுங்க, என்ன பாடு படுத்தியிருக்கேன்." மூச்சுக்காக நின்றார். "அப்புறம் தெளிஞ்சிடுச்சு. இப்பக் கேட்டதும் இன்னும் நல்லாத் தெரியுது. இவ்வளவு நல்லா எனக்கு எங்க வாசிக்க வரும்?"

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாற்பத்தாறு வருஷ அடியில் இங்கே ஒரு மனுஷனே தன்னை விட்டு நகர்ந்து போயிருந்தார். அவரிடமிருந்து திருடினதைத் திருப்பிக் கொடுக்கலாமென்று வந்தால், வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

"இன்னொரு தடவை போடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

போட்டார். மாப்பிள்ளை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். போர்வை மேல் கிடந்த இரண்டு கைகளும் தாமாக அசைந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் ஏதோ பிடித்திருப்பது போல. விரல்கள் போர்வையை அழுத்தின, விட்டன. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு இமைநேரம் முன்னாலேயே அவை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த நீண்ட சுரம் வந்தபோது திரையில் மாஸ்டரின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. போர்வை மேல் விரல்கள் அப்படியே நின்றன, சுரம் தீரும் வரை. அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் கண்தான் மூடியிருந்ததே.

தங்கை ஜன்னலோரத்திலிருந்து வந்து படுக்கையின் கால்மாட்டில் நின்றிருந்தாள். திரையைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். படம் முடிந்த பிறகும் போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதெல்லாம் நெஜமா அண்ணா?" என்றாள்.

"நெஜம்தான்மா."

"நான் எத்தனை தடவை அவர் வாயை அடைச்சிருக்கேன், தெரியுமா உனக்கு?" அவள் குரல் உயரவே இல்லை. "தெரியும். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

ரெண்டு தலை குனிந்துகொண்டார். அவள் திட்டினால் நன்றாக இருக்கும், நாலு அறை அறைந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார். அவள் புருஷனின் போர்வையைச் சரி செய்தாள். விரல்களைத் தொடவில்லை.

"போனை வெச்சிட்டுக் கிளம்பு. அவர் கேக்கட்டும். நாளைக்கு வரவேண்டாம்."

"எப்ப வரட்டும்?"

"சொல்லி அனுப்பறேன்" என்றாள். எதற்குச் சொல்லி அனுப்புவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வராந்தாவில் லிஃப்டுக்கான பொத்தானை அழுத்திவிட்டு நின்றார். அறைக்குள் மூன்றாவது தரமாக அந்த மூச்சு தொடங்குவது கேட்டது. ஊசி போட வந்த நர்ஸ் என்ன பாட்டு இது என்று கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை நின்று நின்று பதில் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் குரலில் அப்படி ஒரு பெருமையை ரெண்டு கேட்டதே இல்லை.

"கேளும்மா. இவர்தான் எங்க மாஸ்டர். இவர் பின்னாடி உக்காந்து நான் வாசிச்சிருக்கேன்."

லிஃப்ட் வந்து திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு கீழே போயிற்று. ரெண்டு அது மறுபடியும் வருவதற்காகப் பொத்தானை அழுத்தினார்.